ஈரச் சாக்குக்குள் நின்ற பிள்ளை

இப்போதெல்லாம் தோட்டத்துக்குச் சிலை கேட்கிறவர்கள் அதைச் சுடுவதற்கு முன்னால் பச்சை மண்ணில் பார்க்க நேரில் வருவதில்லை. பட்டறையில் இருக்கிற செல்வி போனில் வீடியோ எடுத்து அனுப்புகிறாள். மூக்கு இன்னும் கூராக வேண்டும், காது பெரிசாகத் தெரிகிறது என்று அங்கிருந்தே சொல்லிவிடுகிறார்கள். சிலை வேனில் ஏறிப் போய் அவர்கள் வீட்டில் இறங்கும்போதுதான் அதை முதல் தடவையாகத் தொடுகிறார்கள். போன பொங்கலுக்குப் பட்டறைப் பக்கம் போயிருந்தபோது செல்வி இதைச் சொல்லி, "நீ எத்தினி வருஷம் இங்க இருந்த, இது நல்லதா கெட்டதா சொல்லு பெரிம்மா" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பேச வராது. நாலு பேர் நின்று கேட்டால் இருக்கிற சொல்லும் போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்ளட்டும்.

கல்யாணமாகி பாகூரிலிருந்து வில்லியனூர் பக்கம் வந்த வருஷமே அந்தச் சுடுமண் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் மண் சலித்தேன். பிறகு மண் மிதித்தேன். மிதிக்கிற கால் எங்கே கல் இருக்கிறது, எங்கே காற்று இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்ததும், சிலைப் பக்கம் விட்டார்கள். வழவழப்பாக்க உருண்டைக் கல்லால் தேய்ப்பது, வெடிப்புக்கு மண்குழம்பு பூசுவது, ஈரச் சாக்கு போர்த்துவது, நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றுவது, சூளையில் அடுக்கும்போது கை கொடுப்பது. இவ்வளவுதான் என் வேலை. வேலையை விடும் வரைக்கும் இதுதான். உருவம் எல்லாம் தணிகாசலம் மாஸ்டர் கை.

மாஸ்டர் திட்டமாட்டார். நாம் பூசினது சரியில்லை என்றால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதை வழித்துப் போட்டுவிட்டு அவரே பூசுவார். நாம் பார்க்கிறோமா என்றுகூடத் திரும்ப மாட்டார். அது திட்டுவதைவிட உறைக்கும். சிலை கேட்டு வருகிறவர்களிடம் என்ன சிலை என்று முதலில் கேட்க மாட்டார். "தோட்டத்துல வெயில் எந்தப் பக்கம் வுழும்? வூட்டுல எந்த எடத்துலேர்ந்து பாப்பீங்க? நாய் எதுனா கீதா?" என்று கேட்பார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிற சிலைக்கு ஒரு மாதிரி முகம் திருப்புவார், வாசற்படியிலிருந்து பார்க்கிறதுக்கு வேறு மாதிரி. வயலெல்லாம் மனையாகி வீடுகள் வர வர இந்த வேலை அதிகமானது. மான், மயில், குடம் தூக்கின பெண், சில பேருக்கு அவர்களே.

அப்படி ஒருத்தர் தன்னையே சிலை செய்யச் சொன்னார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், அரியாங்குப்பத்தில் பெரிய தோட்டம். பச்சை மண்ணில் பார்க்க வந்தவர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னா மாஸ்டர், என்னைப் பூதம் மாதிரி பண்ணி வச்சிக்கிறீங்க" என்றார். மாஸ்டர் எல்லாரிடமும் சொல்கிற ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "இப்ப பெருசாத்தான் இருக்கும். காஞ்சி, சூளைக்குப் போய் வந்தா உங்க அளவுக்கு வந்துடும்." அதற்கு அவர் தன் வயிற்றைத் தட்டி, "அப்ப என்னையும் ஒரு நாளு சூளையில வச்சி எடுங்க, எங்கூட்டுக்காரிக்கு சந்தோஷமா இருக்கும்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மாஸ்டர்கூடச் சிரித்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் அது உப்பித்தான் இருக்கும். காயும்போது ஒரு சுருக்கம், சுடும்போது இன்னொரு சுருக்கம். அதனால் மாஸ்டர் கையில் ஒரு கோல் உண்டு. அதில் ஒவ்வொரு சாணும் நம் சாணைவிட விரற்கடை நீளமாகக் கீறி வைத்திருப்பார். கேட்கிறவர்கள் என்ன உயரம் வேண்டும் என்கிறார்களோ அதை அந்தக் கோலில் அளந்து செய்தால், சூளையிலிருந்து வரும்போது சரியாக இருக்கும். இதில் அவசரமும் ஆகாது. ஒருத்தர் கிரகப்பிரவேசத்துக்குள் வேண்டும் என்று நச்சரித்ததால், உள்ளே ஈரம் இருக்கும்போதே ஒரு மயிலைச் சூளையில் வைத்தோம். அது வெடித்து, பக்கத்தில் இருந்த மானின் காலையும் உடைத்தது. மண் எப்போது காயுமோ அப்போதுதான் காயும்.

அந்தப் பையன் சிலைக்கு வருகிறேன்.

சேகர் என்று ஒருத்தர் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்தார். அப்பா காலத்துக் கரும்பு நிலத்தில் ஒரு பக்கம் மனை போட்டு விற்றுவிட்டு, மீதி இடத்தில் புது வீடு கட்டியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதில் ஒரு கொய்யா மரம். மாஸ்டர் வழக்கம்போல வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் ஒரு போட்டோவையும் ஒரு நூல்கயிற்றையும் எடுத்து வைத்தார். ஒரே பிள்ளை. ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டான். போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முன்பு குடியிருந்த வீட்டுச் சுவரில் அவன் உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்களாம். அந்தக் கோடு வரைக்கும் கயிறு வைத்து அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். இந்த உயரம், நூல் பிசகக் கூடாது என்றார். கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். காய் திருடிக்கொண்டு வந்து அப்படித்தான் நிற்பானாம்.

மாஸ்டர் அவரிடம் சுருக்கத்தைப் பற்றிச் சொன்னார். அவர் தலையாட்டினார். வீட்டில் போய் மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அளவு கொடுத்தாயிற்று, அளவுக்கு வரும், அவ்வளவுதானே.

சிலையைப் பாதத்திலிருந்து மேலே கட்டிக்கொண்டு போனார் மாஸ்டர். கயிறு மாதிரி மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே கூடாக. கீழ்ப் பக்கம் தாங்குகிற அளவுக்கு இறுகினால்தான் மேலே ஏற முடியும். இறுகுகிறவரைக்கும் மேல் விளிம்பில் ஈரத்துணி போட்டு வைப்பேன், அடுத்த வளையம் ஒட்டுவதற்காக. கால் வந்தது, டவுசர் வந்தது, பனியன் வந்தது, தோள் வந்தது. முகம் வந்த அன்றைக்கு மாஸ்டர் சாப்பிடப் போகவில்லை.

பச்சை மண்ணில் பார்க்க இரண்டு பேரும் வந்தார்கள். மனைவி பேர் மல்லிகா. சின்ன உடம்பு. நான் சாக்கை எடுத்தேன். அவள் கிட்டே வரவில்லை, தூரத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து அவன் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு, இரண்டு சுழி இருக்கும் என்றாள். மாஸ்டர் ஈர்க்குச்சியை எடுத்து இன்னொரு சுழி போட்டார். அவள் பக்கத்தில் நின்று தன் தோளுக்கு நேராகக் கையை வைத்து, அவன் தலை எங்கே வருகிறது என்று பார்த்தாள். தலை அவள் தோளுக்கு மேலே இருந்தது.

"வளந்துட்டான்" என்றாள். புருஷனைப் பார்த்துத் திரும்பி, "பாருங்க, இருந்திருந்தா இந்நேரம் இந்த ஒசரம் தான வந்திருப்பான்" என்றாள்.

மாஸ்டர் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். எல்லாரிடமும் சொல்கிற அந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் அதைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். சேகரும் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். மல்லிகா போகும்போது என்னிடம் வந்து, நல்லா மூடி வையுங்க அக்கா, ஈ மொய்க்கப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போய் சேகர் சுருக்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் நாங்கள் வேலையை ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அவள் மாஸ்டரிடம் நேராகக் கேட்டாள். சுருங்குமா என்று. மாஸ்டர் ஆமாம் என்றார். எவ்வளவு என்றாள். மாஸ்டர் தன் கோலையும் சாதாரண அளவுகோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இதைவிடப் பெரிசாக வேறு ஒன்று செய்யுங்கள், சுட்டு வந்தால் இந்த உயரம் இருக்கட்டும் என்றாள். சேகர் வேண்டாம் என்றார். அதுவரைக்கும் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் குடுத்தது அவன் ஒசரம். அவன் இல்லாத ஒசரத்துல யாரோ ஒரு புள்ளைய இஸ்துகினு வந்து நம்ம தோட்டத்துல நிக்க வைக்க என்னால முடியாது மல்லிகா."

"உங்களுக்கு அவன் அந்தக் கோட்டுலயே நின்னுட்டான்" என்றாள் அவள். "எனக்கு தெனம் வளந்துகினு தான் கீறான். கடையில சட்டையப் பாத்தா இப்ப எந்த அளவு ஆவும்னு தான் கை போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது, ஆனால் கை நிறைய மண். மாஸ்டர் இரண்டு பேரையும் பார்த்தார். நியாயம் சொல்ல வரவில்லை. என்னைப் பார்த்து, "அஞ்சல, சாக்க நனைச்சிப் போடு" என்றார். அவர்களிடம், நீங்கள் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்கள், அதுவரைக்கும் காயவிட மாட்டோம் என்றார்.

ஈரமாக இருக்கிறவரைக்கும் சிலை அந்த உயரத்தில் இருக்கும். அது மல்லிகாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் அவள் தினமும் வர ஆரம்பித்தாள். பஸ்ஸில் வருவாள், சில நாள் சேகரே வண்டியில் கொண்டு வந்து விட்டுவிட்டு உள்ளே வராமல் போவார். தண்ணீர் தெளிக்கிறதைத் தானே செய்கிறேன் என்று என்னிடம் கேட்டாள். நான் குவளையைக் கொடுத்தேன். குளிப்பாட்டுகிற மாதிரி இல்லை. செடிக்குத் தெளிக்கிற மாதிரி, கையில் மொண்டு விரல் வழியாக விடுவாள். சாக்கைத் திரும்பப் போர்த்தும்போது முகத்தை மட்டும் கடைசியாக மூடுவாள்.

அவள் பேசுவாள், நான் கேட்பேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டது, ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் கடைசி வரைக்கும் இவளே கட்டினது, ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம் எங்கம்மாவுக்கும் போடுங்கள் என்று சொன்னது. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் ம் என்பேன். அது போதும் என்றுதான் அவளும் வந்தாள் என்று நினைக்கிறேன்.

மண் அப்படியே இருக்காது. மழைக்காலம் தொடங்கியிருந்தது, காற்றிலேயே ஈரம். சாக்குக்குள் பச்சைப் பூஞ்சை வந்தது, நான் துடைத்தெடுத்தேன். மேலே தெளித்த தண்ணீரெல்லாம் இறங்கிக் கணுக்காலில் நின்றது. இறுகியிருந்த கால் மறுபடியும் இளக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் சாக்கை எடுத்தபோது பையன் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தான். இடது கணுக்காலில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு ஒரு கட்டையும் காலுக்கு முன்னால் செங்கல்லும் முட்டுக் கொடுத்தார். அந்தம்மாவிடம் யார் சொல்வது என்று நான் கேட்டேன். அவர், "நீ தான் கூட இருக்கிற" என்றார். அந்தப் பக்கம் போய்விட்டார்.

மல்லிகா வந்தாள். குவளையை எடுத்தாள். கட்டையைப் பார்த்தாள். குனிந்து கணுக்காலைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

நான் முட்டுக் கொடுத்த செங்கல்லைச் சரி பண்ணினேன்.

"நான் ஊத்துன தண்ணியிலதான் அவன் நிக்க முடியாம கீறானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மழையால் என்று சொல்லலாம், அதுவும் பாதி உண்மைதான். அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி போதும்மா" என்றேன்.

அவள் குவளையைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கட்டை அவன் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த இடத்தையே பார்த்தாள். அங்கே பனியனில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பிறகு அவன் தோளில் கிடந்த சாக்கைத் தானே எடுத்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள்.

"காயட்டும்" என்றாள். "அவங்கப்பா சொன்ன ஒசரத்துக்கே வரட்டும்."

அதற்கப்புறம் அவள் பட்டறைக்கு வரவில்லை. மாஸ்டர் கணுக்காலை வெட்டிப் புது மண் வைத்து ஒட்டினார், பனியன் பள்ளத்தை நிரப்பினார். நான் தேய்த்தேன். நிழலில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தேன், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காய்வதற்காக. கூடவே இருந்து பார்த்தால் குறைகிறது தெரியாது. ஒரு நாள் பக்கத்தில் நின்றபோது எனக்கே அவன் தலை கீழே வந்துவிட்ட மாதிரி இருந்தது. மாஸ்டர் அந்தச் சிலைக்காகத் தனியாகச் சூளை போட்டார். வேறு எதையும் கூட வைக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சூளையைப் பிரித்தபோது பையன் நல்ல சிவப்பாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றான். கயிற்றை வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது.

வேனில் வைக்கோல் பரப்பி, படுக்க வைத்து எடுத்துக்கொண்டு மாஸ்டரும் நானும் கரிக்கலாம்பாக்கம் போனோம். சாதாரணமாக நான் போவதில்லை. மாஸ்டர் வா என்று மட்டும் சொன்னார்.

கொய்யா மரத்துக்கு எதிரில் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, ஒரு மேடை கட்டி வைத்திருந்தார் சேகர். பூச்சு இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. மல்லிகா அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கட்டியிருக்கிறார். அவள் அன்று காலையில்தான் வந்தாளாம். நாங்கள் சிலையைத் தூக்கி மேடைமேல் நிறுத்தினோம். நிறுத்தினதும் புரிந்தது. காய்ந்ததிலும் சூளையிலும் போன உயரத்தை அவர் செங்கல்லில் கூட்டியிருந்தார். பச்சை மண்ணில் அவள் பார்த்த அன்று தலை எந்த உயரத்தில் இருந்ததோ, அதே உயரம். அவருக்குச் சாக்கை எடுத்துக் காட்டினது ஒரு தடவைதான், அதுவும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார் என்று நினைத்திருந்தேன். அவரும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

மல்லிகா பின்வாசல் வழியாக வந்தாள். சேகர் அவளிடம், "நீ கேட்ட ஒசரம்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மேடையைப் பார்த்தாள். மாஸ்டர் வைக்கோலைப் பொறுக்க ஆரம்பித்தார், நானும் கூடப் பொறுக்கினேன்.

"கீழ எறக்குங்க" என்றாள்.

சேகர் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, உனக்காகத்தான..."

"தெரியுது. எனக்காகத்தான் பண்ணீங்க" என்றாள் அவள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ஆனா செங்கல்லு மேல ஏறி நிக்கிறவன தெனம் ஜன்னல்ல பாத்தா, எறங்குடா வுழுந்துடப் போறன்னுதான் எனக்கு வாயில வரும். இருந்தவரைக்கும் அதத்தான் சொல்லினு இருந்தேன். இன்னமும் அதையே சொல்லினு இருக்க முடியாதுங்க."

மாஸ்டரும் நானும் சிலையை இறக்கி வைக்கோல்மேல் நிறுத்தினோம். சேகர் உள்ளே போய்க் கடப்பாறையை எடுத்து வந்தார். மாஸ்டர் வாங்கப் போனார், அவர் கொடுக்கவில்லை. தான் கட்டினதைத் தானே இடித்தார். சிமெண்ட் சரியாகப் பிடிக்காததால் சீக்கிரமே வந்துவிட்டது. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து மரத்தடியில் அடுக்கினார். அவசரமே படவில்லை. நடுவில் ஒரு தடவை கடப்பாறையை ஊன்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மல்லிகா அவரிடம் போகவில்லை, ஆனால் உள்ளேயும் போகவில்லை.

இடித்த இடத்தில் பள்ளம் எடுத்து, சிலையின் பாதத்துக்குக் கீழே இருக்கிற சுடுமண் தட்டு மறைகிற அளவுக்குத் தரையோடு தரையாக வைத்தோம். மண் தள்ளி இறுக்கும்போது யாராவது சிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடிக்கப் போனேன். அதற்குள் மல்லிகா வந்து பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். தலை அவள் நெஞ்சுக்குத்தான் வந்தது. சேகர் முட்டி போட்டு உட்கார்ந்து, கையாலேயே மண்ணைத் தள்ளிப் பாதத்தைச் சுற்றி அழுத்தினார். அப்படி உட்கார்ந்ததில் அவர் முகமும் பையன் முகமும் நேருக்கு நேராக இருந்தன. அதுவரைக்கும் அவர் அந்தச் சிலையைத் தொட்டதே இல்லை.

அவள் கையை எடுக்காமல் கேட்டாள், "நேரா நிக்கிறானா பாருங்க."

அவர் மண்ணை இன்னொரு தடவை அழுத்தினார்.

"நிக்கிறான்" என்றார்.